சீட்டு

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. பட்டறையில வேலை நெருக்கடின்னு சொன்னா நம்பவா போறீங்க... சோம்பேறித்தனம்தான். போன வாரம் வந்த ஒரு போன் எழுத வெச்சிடுச்சு.

அதைச் சொல்றதுக்கு முன்னாடி 2019-க்கு ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எங்க அக்கா ஆவடியில தையல் கடை வெச்சிருக்கு. அத்தான் இல்ல. ஒரே பொண்ணு, கடல் சம்பந்தமா ஆராய்ச்சிப் படிப்பு. ஆவடி, அம்பத்தூர்க்காரனுக்குத் தண்ணின்னா ஏரிதான். கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, மழை வந்தா எஸ்டேட் ரோடு. இந்தப் பொண்ணுக்கு எங்கிருந்து கடல் கிறுக்குப் பிடிச்சுதுன்னு இன்னி வரைக்கும் யாருக்கும் தெரியாது.

அவளுக்கு ஒரு ஆராய்ச்சிக் கப்பல்ல இடம் கிடைச்சுது. முப்பது நாள் பயணம், தென்னாப்பிரிக்காவுல ஏறணும். "மாமா, கப்பல்ல எல்லாம் ஃப்ரீ"ன்னு குதிச்சா. நானும் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் லிஸ்ட் வந்துச்சு. விமான டிக்கெட், விசா, இன்சூரன்ஸ், மெடிக்கல் சர்டிபிகேட், தண்ணியில குதிச்சுத் தப்பிக்கிற பயிற்சி. கூட்டிப் பார்த்தா 1,30,000 ரூபாய். அதையும் குடுத்துடுவாங்களாம். ஆனா முதல்ல நாம செலவு பண்ணி, பில் அனுப்பி, அப்புறம்தான்.

முதல்ல செலவு பண்றதுக்கு யார்கிட்ட இருக்கு?

உண்மையச் சொல்லிடறேன். முதல்ல நான் முடியாதுன்னுதான் சொன்னேன். எங்க தெருவுல ஒரு ஏலச்சீட்டு, 20 பேர், மாசம் 5,000. பழைய மில்லிங் மெஷின் ஒண்ணு பார்த்து வெச்சிருந்தேன், கடைசி வரைக்கும் காத்திருந்து எடுத்து அதை வாங்கறதா திட்டம். அக்கா ஒண்ணும் கேக்கல. கையில கிடந்த வளையலைக் கழட்டி அடகு வெச்சு 30,000 வாங்கிட்டு வந்துச்சு. பொண்ணு உதவித்தொகையில சேர்த்து வெச்சது 22,000. மிச்சம் 78,000. அந்த வெறும் கையைப் பார்த்துட்டு என்னால சும்மா இருக்க முடியல. நாலாவது மாசமே 22,000 தள்ளி சீட்டை எடுத்துட்டேன். (கசர்ல 1,100 எனக்கே திரும்பி வந்துச்சு, அது ஒரு ஆறுதல் :-))

தங்கமணி ரெண்டு நாள் பேசல.

அவ போயிட்டு வந்தா. நான் லேத் ஓட்டறவன், அதனால நான் கேட்டதெல்லாம் மெஷின் பத்திதான். சிடிடின்னு ஒண்ணு. சுத்தி வட்டமா பாட்டில்களை அடுக்கின இரும்புக் கூண்டு, நடுவுல உப்பும் வெப்பமும் ஆழமும் அளக்கற கருவி. கம்பி வடத்துல கீழ இறக்கி, மேல வரும்போது வேணுங்கற ஆழத்துல ஒவ்வொரு பாட்டிலா மூடுவாங்களாம். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் ஏறும். 4,000 மீட்டர்னா 400 மடங்கு! ஒரு ஓ-ரிங் சரியா உக்காரலேன்னா கதை முடிஞ்சுது. ராத்திரி ரெண்டு மணி ஷிஃப்ட்ல ஓ-ரிங்குக்குக் கிரீஸ் தடவறது இவ வேலை. "நம்ம பட்டறை வேலைதான் மாமா, ஆனா ஆடிக்கிட்டே"ன்னா.

அவ கேபின்ல கூட இருந்தது மொம்பாசாவுல இருந்து வந்த பொண்ணு. அவளும் பில் அனுப்பி வாங்கிக்கற கோஷ்டிதான். எப்படிச் சமாளிச்சேன்னு இவ கேட்டிருக்கா. அந்தப் பொண்ணோட அம்மா ஒரு 'சாமா'வுல இருக்காங்களாம். கென்யாவுல அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க மாசாமாசம் பணம் போட்டு, முறை வெச்சு எடுத்துக்கற குழு. அட, நம்ம சீட்டு! ரெண்டும் ராத்திரி முழுக்க அதையே பேசிச் சிரிச்சிருக்குங்க.

பில் பணம் வர ஏழு மாசம் ஆச்சு. எந்த ஆபீஸ்னு சொல்ல மாட்டேன். வந்தது பில்லுக்கு மட்டும். நான் தள்ளின 22,000-க்கும் அக்காவோட அடகு வட்டிக்கும் ஏது பில்?

ஒரு ஆளைக் கப்பல்ல ஏத்தினா என்ன ஆயிடும்னு நீங்க கேக்கலாம். நானும் கேட்டேன். அவ சொன்ன கதை இது. 1959-65-ல சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம் நடந்துச்சு. நாற்பதுக்கும் மேல கப்பல்கள். நம்ம பங்குக்கு கடற்படையோட ஐஎன்எஸ் கிஸ்ட்னா. அமெரிக்கா அனுப்பினதுல ஒண்ணு ஆன்டன் புரூன். அது அதிபர் ட்ரூமனோட உல்லாசக் கப்பல் வில்லியம்ஸ்பர்க், அதையே ஆராய்ச்சிக்கு மாத்திட்டாங்க. அந்தக் கப்பல்கள்ல நம்ம ஆளுங்களும் ஏறிக் கத்துக்கிட்டாங்க. அந்தப் பயணத்தோட தொடர்ச்சியாத்தான் 1966 ஜனவரி 1-ல தேசியக் கடலாராய்ச்சி நிறுவனம் வந்துச்சு, கோவாவுல இருக்கே, அது. 2015 டிசம்பர்ல ரெண்டாவது ஆய்வுப் பயணம் தொடங்கினப்ப கோவாவுல இருந்து மொரீஷியஸுக்குக் கிளம்பினது சாகர் நிதி. நம்ம பள்ளிக்கரணையில இருக்கற தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இயக்கற கப்பல். அன்னிக்கு இடம் கேட்டு ஏறினவங்க, இன்னிக்கு இடம் குடுக்கற நிலைமையில இருக்கோம்.

வெளியில சில பேர் இதை உருப்படியாச் செய்யறாங்க. போகோன்னு கடலாராய்ச்சி நிறுவனங்களோட கூட்டமைப்பு ஒண்ணு, 1999-ல தொடங்கினது. பிரிட்டன்ல இருந்து அட்லாண்டிக்கை நெடுக்க அளந்துட்டுப் போற ஒரு பயணத்துல, வளரும் நாட்டு இளம் ஆய்வாளருக்கு இடம் வாங்கித் தர்ற உதவித்திட்டம் அவங்களது. அதுல எனக்குப் பிடிச்சது, கப்பல் ஏறறதுக்கு முன்னாடி தயார் பண்ணிக்கவும், இறங்கினப்புறம் எடுத்த அளவையெல்லாம் அலசக் கத்துக்கவும் சேர்த்தே ஏற்பாடு பண்றாங்க. கப்பலை ஒரு நாள் ஓட்ட பல லட்சம் செலவாகுது. அதுல ஒரு டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துக் குடுக்கறதுல என்ன கஷ்டமோ!

இப்ப போன வார போன். அக்கா பொண்ணு இப்ப வேலையில இருக்கா.

"மாமா, அந்த மொம்பாசாக்காரியோட ஜூனியர் பையன் ஒருத்தனுக்குக் கப்பல்ல இடம் கிடைச்சிருக்கு. அதே கதைதான், பில் அனுப்பினாத்தான் பணம். நாங்க அஞ்சு பேர் சேர்ந்து டிக்கெட் போடறோம். கொஞ்சம் குறையுது. நீங்க..."

யாருன்னே தெரியாத பையன். பணம் திரும்பி வருமான்னும் தெரியாது. யோசிச்சு சொல்றேன்னு வெச்சுட்டேன். மில்லிங் மெஷின் இன்னும் வாங்கல என்பதையும் இங்க பதிவு பண்ணிக்கறேன்.

ராத்திரி சாப்பிடும்போது தங்கமணிகிட்ட மெதுவா ஆரம்பிச்சேன். ரசத்தை ஊத்திட்டே கேட்டுச்சு. அலமாரியில ஒரு தெர்மாகோல் டம்ளர் இருக்கு, பொண்ணு 'அம்பத்தூர் ஓ.டி.'ன்னு எழுதி அந்தச் சிடிடியோட கட்டிக் கடலுக்குள்ள இறக்கினது. அழுத்தத்துல சுருங்கி விரல்ல மாட்டற தொப்பி அளவுக்கு ஆயிடுச்சு, எழுத்து மட்டும் அப்படியே குட்டியா இருக்கு. தங்கமணி அதை ஒரு தடவை பார்த்துச்சு.

"எவ்ளோ குறையுதாம்?"

"பதினெட்டாயிரம்."

"பணமாக் குடுக்காதீங்க. டிக்கெட்டா எடுத்துடச் சொல்லுங்க. அப்புறம் அந்தப் பையனுக்கும் அம்மா இருப்பாங்கல்ல, வளையல் கிளையல் வெச்சிருந்தா மீட்டுக்கச் சொல்லுங்க."

நாளைக்கு இந்த மாச ஏலம். கிளம்பறேன் மக்களே.