மூன்றெழுத்துப் புள்ளி

திருவனந்தபுரம் கரமனையில் வசிக்கும் அந்த ஓய்வுபெற்ற தந்தி ஊழியருக்குப் புள்ளி புதிதல்ல. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவர். மோர்ஸ் கற்றபோது முதலில் மனதில் நின்றது, ஒரே ஒரு புள்ளி என்றால் 'ஈ' என்பதுதான். 2013 ஜூலையில் தந்தி சேவையே நின்றுவிட்டது. விரல் மட்டும் இன்னும் நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டிருக்கிறது.

"தாத்தா, இந்த 'டாட்' எங்கேருந்து வந்தது?" சட்டம் படிக்கும் பேத்தியின் கேள்வி.

அலமாரியிலிருந்து தடித்த அகராதி இறங்குகிறது. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குப் பழுத்த கட்டியின் முனை என்று பொருள். எழுத்தில் ஒரே ஒரு முறைதான் கிடைத்திருக்கிறது. பிறகு பல நூற்றாண்டுகள் தலைமறைவு. 16-ம் நூற்றாண்டில்தான் மீண்டும் தென்படுகிறது. 'பாயின்ட்' லத்தீனில் குத்தியதால் விழும் தடத்தைக் குறித்த சொல். ஆக, இரண்டின் பிறப்பும் வலியில்தான்.

பெரியவருக்குத் தமிழ்ப் புள்ளி நினைவுக்கு வருகிறது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும் என்கிறது தொல்காப்பியம். ஓலையில் எழுதியவர்களோ பெரும்பாலும் வைக்கவில்லை. எழுத்தாணி அழுந்தினால் ஓலை பொத்துவிடும். தெருப் பலகையில் மலையாளத்தில் ஊர்ப் பெயர் சிறு வட்டத்தில் முடிகிறது. தமிழில் எழுதினால் 'ம்' தலையில் புள்ளி. மலையாளிகள் பேச்சுவாக்கில் 'புள்ளி' என்றால் 'அந்த ஆள்'. தமிழில் 'பெரும்புள்ளி' என்றாலோ மரியாதையே தனி.

அகராதியில் அடுத்த பதிவு: அதே மூன்று எழுத்து, வேறு பிறப்பு. லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பொருள், வரதட்சணை.

பேத்தி வாசிப்பை நிறுத்துகிறாள். அவளுக்குப் பேசி வந்த இடத்திலிருந்து முந்தின நாள்தான் போன் வந்திருந்தது. "சீதனமா என்ன உத்தேசிச்சிருக்கீங்க?"

வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961-லிருந்தே குற்றம். இந்த ஊரைத் தலைநகராகக் கொண்டிருந்த திருவிதாங்கூரில் 1916-ல் வந்த கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், தந்தை உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது என்றது. சீதனம் பெற்றிருந்தால் அதுவும் இல்லை. மேரி ராய் வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்பளித்த பிறகுதான் மகளுக்குச் சம பங்கு உறுதியானது.

"சட்டம் தெரிஞ்சுதானே தாத்தா அம்மாவுக்குச் சீதனம் குடுத்தீங்க?"

"தெரியும்மா. ஊர் என்ன சொல்லுமோங்கற பயம்."

பெரியவர் போனை எடுக்கிறார். பையனின் அப்பாவிடம் சுருக்கமாகச் சொல்கிறார்: "பொண்ணு நல்லாப் படிச்சிருக்கா. சீதனம் கிடையாது. சம்மதம்னா சொல்லுங்க." தந்தி அனுப்பிப் பழகியவர், கூடுதலாக ஒரு வார்த்தை இல்லை.

மறுமுனையில், வீட்டில் கலந்துகொண்டு சொல்வதாகப் பதில். ஒரு வாரமாகிவிட்டது. இன்னும் தகவல் இல்லை. பேத்தி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். தந்திக்காரருக்குக் காத்திருக்கத் தெரியும். வராவிட்டாலும் குறையில்லை என்று இப்போது அதுவும் தெரிகிறது.