மைனஸ் அஞ்சு

மூன்றாம் வருஷ மினி ப்ராஜெக்ட். நானும் என் ரூம்மேட்டும் ஈசிஜி ஆம்ப்ளிஃபையர் எடுத்தோம். முன்னாடி ஒரு ஏ.டி.620, பின்னாடி இரண்டு எல்.எம்.358. ஃபில்டர் அவன் பொறுப்பு, பவர் சப்ளை என் பொறுப்பு. பவர்தானே என்று அலட்சியமாகத்தான் இருந்தேன்.

ப்ளஸ் 5-க்கு 7805 என்றால் மைனஸ் 5-க்கு 7905. இதுதான் என் மொத்த டிசைன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி, 7805 மாதிரியே கால்களை வயர் பண்ணி, போர்டை அவனிடம் கொடுத்துவிட்டேன். மீட்டர் வைத்துக்கூடப் பார்க்கவில்லை.

ஃபங்ஷன் ஜெனரேட்டரிலிருந்து சைன் அலை கொடுத்தால், ஸ்கோப்பில் மேல்பாதி மட்டும் வருது. கீழ்ப்பாதி கத்தியால் வெட்டின மாதிரி தட்டை. "உன் சால்டரிங்தான்டா" என்றேன். அவன் இரண்டு ராத்திரி உட்கார்ந்து எல்லாத்தையும் பிரித்து மறுபடி சால்டர் பண்ணினான். நான் தூங்கினேன். மூன்றாம் நாளும் அதே பாதி அலை. ரிவ்யூவுக்கு நாலு நாள்தான். அவன் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டான்.

லேப் அண்ணாதான் மீட்டரை எடுத்து நெகட்டிவ் ரெயிலில் வைத்தார். சின்னதாக ஒரு ப்ளஸ் வோல்ட்டேஜ்! "தம்பி, 7905-க்கு முதல் கால் கிரவுண்டு, நடுக்கால்தான் இன்புட். அதை மாத்தினாலும் உனக்கு மைனஸ் வராது. ஏற்கெனவே மைனஸ் 8, 9 இருந்தா அதை மைனஸ் 5-ல நிறுத்தும், அவ்வளவுதான். மைனஸை உண்டாக்காது."

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு 9 வோல்ட் பேட்டரி. 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் 7905 வேலை செய்யும். ஆனால் எலக்ட்ரோடு ஒட்டப்போவது அவன் நெஞ்சில். 230 வோல்ட் மெயின்ஸோடு அந்த விளையாட்டு வேண்டாம். 34063 போட்டால் கரன்ட் நிறையக் கிடைக்கும், கூடவே காயில், டையோடு, நாய்ஸ். ஈசிஜி சிக்னலே 1 மில்லிவோல்ட் அளவுதான்.

கடைசியில் 7660. எட்டுக் கால், வெளியே இரண்டு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், காயில் கிடையாது. 7805 தருகிற 5 வோல்ட்டில் ஒரு கெப்பாசிட்டரை சார்ஜ் பண்ணும். பிறகு அதன் ப்ளஸ் காலைக் கிரவுண்டில் கட்டிவிடும். இன்னொரு கால் தானாக மைனஸ் 5-க்குப் போய்விடும். நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இதே வேலை. கறாராகச் சொன்னால் இது ரெகுலேட்டரே இல்லை. உள்ளே 55 ஓம் ரெசிஸ்டர் ஒளிந்திருக்கிற மாதிரி நடந்துகொள்ளும். 20 மில்லிஆம்ப் இழுத்தால் 1.1 வோல்ட் காலி. அந்த வருஷம் முதல்முறையாக டேட்டாஷீட்டைத் திறந்து கணக்குப் போட்டேன். எங்கள் மூன்று ஐசியும் சேர்ந்து சுமார் 3 மில்லிஆம்ப். 0.165 வோல்ட்தான் இறங்கும். தாங்கும்.

இந்தத் தடவை மீட்டரை நானே வைத்தேன். மைனஸ் 4.84. அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"உன் சால்டரிங்ல ஒரு தப்பும் இல்லடா."

"தெரியும்" என்றான். "ஜெனரேட்டரை ஆன் பண்ணு."