எந்த நாடு, அங்கிள்?

"அங்கிள், எந்த நாடு?"

சேலைக்கடை வாசலில் நின்ற பெடியன் கேட்டான். வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"வெள்ளவத்தை" என்றேன்.

பகிடி என்று நினைத்துச் சிரித்தான். "அதில்லை அங்கிள், வெளியில எங்க?"

"கனடா."

"வாங்கோ, வந்து பாருங்கோ. அன்ரிக்குக் காஞ்சிபுரம் புதுசா வந்திருக்கு. கனடா ஆக்கள் இங்கதான் எடுக்கிறவை."

எதைப் பார்த்துக் கண்டுபிடித்தானோ தெரியவில்லை. என் சப்பாத்தாக இருக்கலாம். காலி வீதியைக் குறுக்கே கடக்கத் துணிவில்லாமல் மஞ்சள் கோட்டடியில் நான் நின்ற நிலையாகவும் இருக்கலாம். பள்ளிக்கூடப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இரட்டைத் தட்டு பஸ்ஸுக்கு முன்னால் ஓடிக் கடந்த வீதி இது. 1984 மார்ச்சில் நாட்டை விட்டுப் போனேன். 2023 ஆகஸ்டில் திரும்பி வந்து நிற்கிறேன். இடையில் ஒருமுறைகூட வரவில்லை. அதற்குக் காரணம் கேட்பவர்களுக்கு ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொன்று சொல்லி வந்திருக்கிறேன்.

கொழும்பு 6. வடக்கே பம்பலப்பிட்டியிலிருந்து பிரிக்கும் கால்வாய், தெற்கே தெஹிவளை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஹவ்லொக் வீதி. நடுவே காலி வீதி. சிங்களத்தில் வெல்ல என்றால் மணல், வத்த என்றால் தோட்டம். மணல் தோட்டத்தை நாங்கள் வெள்ளவத்தை ஆக்கிக்கொண்டோம். என் மகள் சின்ன வயதில், "அது வெள்ளம் வாற இடமா அப்பா?" என்று கேட்டிருக்கிறாள். மழைக்காலத்து ஒழுங்கைகளை நினைத்துக்கொண்டு ஓம் என்றேன்.

அப்பா அரசாங்க எழுதுவினைஞர். கலியாணத்துக்கு முன் அவர் இருந்தது சம்மரியில். இந்தச் சொல்லை என் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த முடிந்ததில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்த இளந்தாரிகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஊரிலிருந்து ஒரு சமையல்காரரையும் கூட்டி வந்து, மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துப் பிரித்துக் கட்டுவார்கள். அந்தக் கணக்கில் ஒரு தேங்காய்க்காக இரவிரவாகச் சண்டை நடக்கும். சம்பளம் வந்த அடுத்த நாள் தபாற்கந்தோரில் வரிசை, வீட்டுக்கு மணியோடர் அனுப்ப. யாழ்ப்பாணத்துக் கல்வீடுகள் பல அந்த மணியோடர்களில் எழும்பியவை. வேலை இங்கே, வீடு அங்கே. வெள்ளவத்தையைத் தன்னுடைய ஊர் என்று சொன்ன ஒரு பெரியவரை எனக்கு அந்தக் காலத்தில் தெரியாது. எங்களுக்குத்தான், இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத்தான், அது ஊர்.

அம்மா வந்த பிறகு அப்பா ஒரு அனெக்ஸ் எடுத்தார். கடல் பக்க ஒழுங்கை ஒன்றில் ஒரு பறங்கியர் வீட்டின் பக்கவாட்டுப் பகுதி. இரண்டு அறை, ஒரு குசினி. பின்கதவைத் திறந்தால் தண்டவாளம், அதற்கப்பால் கற்கள், கற்களுக்கப்பால் கடல். கோச்சி போகும்போது அலுமாரிக்குள் பீங்கான்கள் கதைக்கும். வீட்டுக்கார அன்ரியிடம் ஒரு பியானோவும் ஐந்து பூனைகளும் இருந்தன. நத்தாருக்கு லவ் கேக் வரும், தைப்பொங்கலுக்கு நாங்கள் பொங்கல் கொடுப்போம். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு அவருடைய சகோதரர்கள் ஒவ்வொருவராக மெல்பேர்னுக்குப் போய்விட்டார்கள். மாலையில் படலையில் நின்று காலி வீதிப் பக்கம் பார்த்துக்கொண்டு, "இந்த றோட்டில இப்ப ஒருத்தரும் இல்லை" என்பார். அந்த நேரம் காலி வீதியில் சனம் அள்ளுண்டு போகும். கிழவிக்குக் கண் சரியில்லை என்று நானும் தம்பியும் சிரிப்போம். அவருடைய ஆட்கள் போனதால்தான் அந்த அனெக்ஸே எங்களுக்குக் கிடைத்தது என்பது எனக்கு உறைக்க நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

என்னுடைய காலி வீதி கால்வாய்ப் பாலத்தில் தொடங்கும். அங்கே சவோய் தியேட்டர். ஆங்கிலப் படத்துக்குப் போகிறேன் என்றால் அப்பா காசு தருவார், ஆங்கிலம் திருந்தும் என்று. பிறகு சந்தை. மீன் வாங்கிக்கொண்டு வரும்போது பேக்கரியில் அரை இறாத்தல் பாண், கையில் காசு மிஞ்சினால் ஒரு மீன் பனிஸ். தெற்கே போகப் போக ரொக்ஸி. ஆடி மாதத்தில் செட்டியார் தெருவிலிருந்து வேல் ரதம் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கு வரும். வீதியோரம் முழுக்கக் கரும்பு குவிந்திருக்கும். ஆடிவேலுக்குக் கரும்பு வாங்காத சிங்கள வீடும் இல்லை. காலையில் இன்னொரு சத்தம், உட்பக்கமிருந்த நூற்பு நெசவு ஆலையின் சங்கு. மில் என்றால் எங்களுக்கு அது ஒன்றுதான். அந்தச் சங்கை நம்பித்தான் அம்மா உலை வைத்தார்.

1983 ஜூலை 25, திங்கட்கிழமை. முதல்நாள் இரவு பொரளையில் தொடங்கிய தமிழருக்கு எதிரான கலவரம் காலையில் எங்கள் பக்கம் வந்தது. அதைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. நான் பார்த்தது கொஞ்சம்தான். அன்ரியின் குசினிக்குள், பூனைகளோடு, கதவுக்குக் கீழே சாக்கை அடைத்துக்கொண்டு இருந்தோம். ஒழுங்கை முனையில் வந்து நின்றவர்கள் கையில் வாக்காளர் இடாப்பு இருந்ததாக அன்ரி பிறகு சொன்னார். வீட்டு இலக்கமும் பேரும் வாசித்தார்களாம். எங்கள் பேர் வந்தபோது, "அவங்கள் போன மாதமே போயிட்டாங்கள்" என்று அன்ரி சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். முன் வீதியில் எரிந்த துணிக்கடையின் வாசம் மட்டும் எனக்குப் பிசகில்லாமல் ஞாபகம் இருக்கிறது. புதுச்சேலை எரியும் வாசம். காஞ்சிபுரம் காட்டிய பெடியனிடம் இதைச் சொல்லவில்லை. அவன் பிறந்திருக்க மாட்டான், அவனுடைய தகப்பனே அப்போது சின்னப் பெடியனாக இருந்திருப்பார்.

அகதி முகாம், பிறகு லங்கா கல்யாணி கப்பல், காங்கேசன்துறை. அம்மா அப்பா ஊரோடு நின்றார்கள், நான் வெளியேறினேன். அன்ரியும் அடுத்த வருஷமே மெல்பேர்னுக்குப் போய்விட்டார்.

இதோடு என் வெள்ளவத்தை முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஆனால் அம்மாவுக்கு இரண்டாவது வெள்ளவத்தை ஒன்று இருந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து வலிகாமமே எழும்பி நடந்தபோது அவரும் நடந்தார். அப்பா அதற்கு முதலே போய்ச் சேர்ந்திருந்தார். வன்னிக்குப் போய், வவுனியாவில் பாஸ் எடுத்து, 1996இல் அம்மா கொழும்புக்கு வந்து இறங்கிய இடம் அதே காலி வீதி. நான் ஸ்பொன்சர் செய்து, விசா வரும் வரைக்கும் 14 மாதம் ஒரு லொட்ஜில் இருந்தார். பழைய அனெக்ஸ் அங்கிருந்து நாலு ஒழுங்கை தள்ளி. ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லையாம்.

அப்போது வெள்ளவத்தை ஒரு பெரிய விறாந்தை. வடக்கு கிழக்கிலிருந்து வந்தவர்கள் கனடாவுக்கும் லண்டனுக்கும் சுவிசுக்கும் போகக் காத்திருக்கும் விறாந்தை. லொட்ஜ், ஏஜென்சி, பாஸ்போட் படம் எடுக்கும் ஸ்டூடியோ, கடிதத்துக்கு மொழிபெயர்ப்பு, நாலு கடைக்கு ஒரு கொம்யூனிகேசன். ஞாயிற்றுக்கிழமை இரவு நான் ஸ்காபரோவிலிருந்து எடுப்பேன், அங்கே திங்கள் காலை. அம்மா கொம்யூனிகேசனில் வாங்கில் குந்தியிருந்து தன் முறைக்காகக் காத்திருப்பார். பின்னால் மற்றவர்களின் கதை கேட்கும்: "காசு வந்திட்டுது", "பெட்டையின்ர படம் அனுப்பினனான்", "அவன் இன்னும் ரஷ்யாவிலதான் நிக்கிறான்". நான் கண்ணால் பார்க்காத அந்த வெள்ளவத்தை எனக்குக் காதால் மனப்பாடம். 1996 ஜூலையில் தெஹிவளையில் ரயிலில் குண்டு வெடித்து, வேலையால் வீடு திரும்பிக்கொண்டிருந்த 60 பேருக்கு மேல் செத்த மாலை, லொட்ஜில் எல்லாரும் விளக்கை அணைத்துவிட்டு இருந்தோம் என்றார். யாருக்காகப் பயந்தோம் என்று தெரியாத பயம் என்றார்.

அம்மா இறந்த பிறகு அவருடைய கைப்பைக்குள் பொலிஸ் பதிவுத் துண்டு ஒன்று இருந்தது. பேர், ஊர், வந்த திகதி, வந்த காரணம். காரணத்துக்கு நேரே "வெளிநாடு செல்ல". 25 வருஷம் அதை ஏன் வைத்திருந்தாரோ. 2007 ஜூன் 7 விடியற்காலையில் அப்படியான லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பி, அடுத்த நாளே உயர் நீதிமன்றம் தடுத்தபோது, செய்தியைக் கேட்டுவிட்டு அம்மா எழும்பிப் போய்க் கைப்பையைத் திறந்து பார்த்தது மட்டும் எனக்கு ஞாபகம்.

இப்போது அந்த விறாந்தை மாடிகளாக உயர்ந்திருக்கிறது. கடலுக்கும் கால்வாய்க்கும் இடையில் அகலப் பரவ இடமில்லாத நிலம் இது. போகிறவர்கள் கிடைத்த விலைக்கு வீட்டைக் கொடுத்தார்கள். வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு இருக்க இடம் வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளின் காசுக்கும் ஓர் இடம் வேண்டும். ஒரு காணிக்கு ஒரு வீடு என்பது போய் ஒரு காணிக்குப் பதினாறு வீடு. அப்பா காலத்தில் வெள்ளவத்தையிலிருந்து மணியோடர் போனது, இப்போது வெள்ளவத்தைக்கு வருகிறது. காசு மாற்றும் கடைக்காரர் கணினியைப் பார்க்காமலே கனடா டொலரின் விலையைச் சொன்னார், நேற்றையதையும் சேர்த்து.

எரித்ததால் தமிழர் இல்லாமல் போகும் என்று யாராவது கணக்குப் போட்டிருந்தால், அந்தக் கணக்கு முழுப்பிழை. என் காலத்தில் இந்த வீதியில் இத்தனை தமிழ்ப் பலகைகள் இல்லை. நகைக்கடை, சேலைக்கடை, கலியாண மண்டபம், சைவச் சாப்பாட்டுக் கடை, ஒடியல் மாவும் பனங்கட்டியும் விற்கும் கடை. சந்தோஷப்பட வேண்டும். பட்டேன், பொய் இல்லை. ஆனால் கொஞ்ச நேரம் நடந்த பிறகு ஒன்று நெருடியது. இந்தப் பலகைகளில் பாதி என்னைப் பார்த்து எழுதியவை. நான் என் வீதியைத் தேடி வந்தேன், வீதி தன் வாடிக்கைக்காரனுக்காகக் காத்திருந்தது.

ஒழுங்கையைக் கண்டுபிடித்துவிட்டேன், வீடு இல்லை. எட்டு மாடி பிளட்ஸ். கீழே கார் நிறுத்துமிடம். அன்ரியின் பியானோ இருந்த இடத்தில் ஒரு ஜெனரேட்டர். பின்பக்கம் தண்டவாளத்துக்கு முன்னால் இப்போது மரைன் டிரைவ், நல்ல அகலமான வீதி. கடலைப் பார்க்கத் தண்டவாளத்தில் நடந்த பழக்கம் இனி யாருக்கும் தேவையில்லை. காவலாளி எழும்பி வந்தார், குருநாகல் பக்கத்து ஆள்.

"காவத பலன்ன ஆவே, மாத்தயா?"

யாரைப் பார்க்க வந்தீர்கள். "மம இஸ்ஸர மெஹே ஹிட்டியே" என்றேன், நான் முந்தி இங்கே இருந்தவன். 39 வருஷம் வாய்க்குள் வராத சிங்களம் யோசிக்காமல் வந்து விழுந்தது. அவர் சிரித்துக்கொண்டே கொப்பியை நீட்டினார். பேர், அடையாள அட்டை இலக்கம், பார்க்க வந்தவர், வீட்டு இலக்கம். எனக்கு இலங்கை அடையாள அட்டை இல்லை, பார்க்க வந்தவரும் இல்லை. பேனையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பாவம், அவரே, "பரவாயில்லை, உள்ளே போய்ப் பாருங்கள்" என்று கையைக் காட்டினார். போய் ஜெனரேட்டரைப் பார்த்துவிட்டு வந்தேன்.

மில் இருந்த காணியில் ஹவ்லொக் சிட்டி கோபுரங்கள் நிற்கின்றன. சங்கு ஊதிய இடத்தில் கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கிறது. அங்கே நிற்கப் பிடிக்கவில்லை, திரும்பிவிட்டேன். சவோய் மட்டும் பாலத்தடியில் இருக்கிறது, ஒப்பனை செய்த பழைய நடிகை மாதிரி. 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கமும் இருக்கிறது. 1942இல் தொடங்கியது, அப்பா வெள்ளிக்கிழமைகளில் கூட்டத்துக்கு என்று போய்ப் பேப்பர் வாசித்துவிட்டு வருவார். நூலகத்துக்குள் நுழைந்தபோது ஒருவரும் எந்த நாடு என்று கேட்கவில்லை. மின்விசிறிக்குக் கீழே மூன்று கிழவர்கள் வீரகேசரியைத் தாள் தாளாகப் பிரித்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான் நாலாவது ஆளாக விளையாட்டுப் பக்கத்தை எடுத்தேன்.

பயணத்துக்கு முதல்நாள் மிளகாய்த்தூள் இடிக்கப் போனேன். மனைவி தந்த பட்டியலில் அது முதலாவது. ஒழுங்கைக்குள் ஒரு சின்ன ஆலை. ஒரு பெரிய தாச்சியில் செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை எல்லாம் வறுபட்டுக்கொண்டிருந்தது. தும்மல் அடக்க முடியவில்லை. வறுத்த அக்கா மன்னார் பக்கம்.

"உறைப்பு எப்பிடி வேணும், அண்ணை?"

"வீட்டில மூண்டு பேர். மகள் உறைப்புத் தின்னாள்."

"அப்ப நடுத்தரமாப் போடுறன்."

வாங்கில் குந்தியிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பேர். வறுபட்ட மல்லி வாசத்தோடு கோச்சி ஒன்று போன சத்தம் கேட்டது, அலுமாரி இல்லாத இடத்திலும் பீங்கான் அதிர்வதைக் காது எதிர்பார்த்தது. அரைத்து, ஆறவைத்து, இரட்டை உறையில் போட்டு, வாயை மெழுகுதிரியில் உருக்கி ஒட்டினார். தராசில் மூன்று கிலோ. "பெட்டியில உடுப்புக்கு நடுவில வையுங்கோ, அண்ணை, மணம் போகாது" என்றார். பிறகு ஒரு மார்க்கரை எடுத்து, ஒன்றும் கேட்காமல், உறையின் மேல் எழுதினார்: கனடா.