ஐப்பசி மாதத்து அடுப்பு

எமது வாவிக் கரையில் மரங்கள் இலை உதிர்க்கும் காலம் என்று தனியாக ஒன்று இல்லை. நான்கு பருவங்களைப் பாடசாலைப் புத்தகத்தில் படித்தோம், பரீட்சை எழுதினோம், மறந்தும்விட்டோம். எமக்குத் தெரிந்தவை வெயிலும் மாரியும்தான். கச்சான் காற்று ஓய்ந்து, வானம் கறுத்து, வாடை திரும்புகின்ற புரட்டாதிக் கடைசி, ஐப்பசி, கார்த்திகை ஆகியவையே எமது சின்னப் பிள்ளைகளுக்கு ஆண்டிலேயே கடினமான மாதங்கள். படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் வீடு வீடாகப் போய்வருகின்ற ஒரு சமூகப் பணியாளர் என்ற வகையிலும், ஐந்து வயதும் இரண்டு வயதுமான பிள்ளைகளின் தாய் என்ற வகையிலும் இதைப்பற்றிச் சகோதரிகளாகிய உங்களுடன் சிலவற்றைப் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

ஏன் கடினம் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. மாசி, பங்குனியில் அறுத்த நெல் பல வீடுகளில் ஆவணியோடு முடிந்துவிடும். மூலையில் ஒரு மூடை மிஞ்சியிருந்தால் அது விதைநெல், அதில் கைவைக்க முடியாது. உழவு இயந்திரக் கூலி, பசளை, மருந்து என்று கையிலிருந்த காசும் வட்டைக்குள் இறங்கிவிடும். காணியில்லாத குடும்பங்களுக்கு விதைப்பு முடிந்ததும் புல்லுப் பிடுங்கும் காலம் வரைக்கும் கூலியில்லை. மழை கனத்தால் கடலுக்குப் போகமுடியாது. வாவியிலும் வெள்ளம் பெருகி, முகத்துவாரம் வெட்டி நீரோட்டம் மாறும் வரைக்கும் இன்றைக்கு மீன் உண்டு, நாளைக்கு இல்லை. கிழமைக் கடன் அறவிட வருகின்றவருக்கு மட்டும் மாரியும் இல்லை, கோடையும் இல்லை. அவர் வருகின்ற நாளுக்கு முதல் நாள் மாலையில் நான் போகும் வீடுகளில் அடுப்பு எரிவது குறைவு.

இந்த மாதங்களில் கிளினிக்கில் பிள்ளைகளின் நிறைக் கோடு மேலே ஏறாமல் படுத்துவிடும். மிட்வைஃப் அக்கா பேனையால் அதைச் சுட்டிக்காட்டும்போது தாய் தலையைக் குனிந்துகொள்வாள். அந்தக் கோடு நெல்லின் கதையையும் கடனின் கதையையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் கேள்வி கேட்கப்படுவது தாயிடம் மட்டும்தான்.

கேள்விக்குப் பிறகு ஒரு படத்தைக் கொடுப்போம். சரிவிகித உணவு என்று ஒரு கோப்பை, அதில் அப்பிள் பழம், கரட், ஒரு கிளாஸ் பால். நானும் இப்படிப்பட்ட படங்களை மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அதைப் பார்க்கின்ற தாய்க்குப் புரிவது ஒன்றே ஒன்றுதான்: நல்ல சாப்பாடு என்பது கடையில் இருக்கிறது, என்னிடம் இல்லை.

உண்மையில் எம்மிடம் என்ன இருந்தது, எப்போது போனது என்று கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கவேண்டும். மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் போகும். கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண்ணின் ஊருக்கு வருவார். தாய்வழிக் குடி முறையைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது அது எனக்கு ஒரு பாடமாகவே இருந்தது. வேலைக்கு வந்த பிறகுதான் அதன் சமையலறை அர்த்தம் விளங்கியது. அம்மம்மா நட்ட முருங்கையில் அம்மா இலை பிடுங்குவாள், அந்த இலையில் மகள் தன் பிள்ளைக்குச் சோறு குழைப்பாள். கறிவேப்பிலை, பப்பாசி, கொய்யா, தேசி, வேலியோரத்தில் அகத்தி, கிணற்றடி ஈரத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும். கடைக்குப் போகாமலே ஒரு பிள்ளையின் கோப்பையில் பாதி வளவுக்குள் இருந்தது. எந்த இலையை எப்போது பிடுங்குவது, எதைக் கழுவிய பிறகு அரிவது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. அது தாயின் பின்னால் நடந்து படிக்கின்ற படிப்பு.

2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் சனம் வாவியைக் கடந்து ஓடிவந்தபோது இந்தப் படிப்பும் நின்றுபோனது. எனக்கு அப்போது 17 வயது. கூடாரத்துக்கு வெளியே மூன்று கல்லை வைத்து அம்மா சமைப்பா. நிவாரணத்தில் அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி கிடைக்கும். கோதுமை மாவில் ரொட்டி, கோதுமை மாவில் பிட்டு, கோதுமை மாவில் களி. அந்த மூடைகள் இல்லாவிட்டால் நாம் பட்டினிதான், அதை மறக்கக்கூடாது. ஆனால் அந்த மாதங்களில் எமது கூடார வரிசையில் ஒரு பச்சை இலையைக் கண்ட ஞாபகம் எனக்கில்லை. திரும்பிப் போனபோது பல வளவுகளில் காடு மண்டியிருந்தது, சிலவற்றில் மரமே இல்லை. அன்றைக்கு ஐந்து, ஆறு வயதில் ரொட்டியும் தேத்தண்ணியும் குடித்து வளர்ந்த பெண்பிள்ளைகள்தான் இன்றைக்கு கிளினிக்கில் கைக்குழந்தையோடு வரிசையில் நிற்கின்றார்கள். “இந்தக் காலத்துப் பெட்டைகளுக்குச் சமைக்கத் தெரியாது” என்று பெரியவர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். படிக்க வேண்டிய வயதில் அவர்களுக்கு அடுப்படியே இருக்கவில்லையே.

வெல்லாவெளிப் பக்கத்தில் அப்படியொரு தங்கச்சி இருக்கிறாள். வயது 24. இரண்டாவது பிள்ளைக்குப் பதினொரு மாதம், நிறை மூன்று மாதமாக அசையவில்லை. பால்மா கடனுக்கு வாங்கி, அது முடிந்துவிடுமோ என்ற பயத்தில் நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இடையில் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுப்பாள். தாய்ப்பாலும் கொடுக்கிறாள், ஆனால் “அதில சத்தில்லையாம்” என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். 2022 பங்குனியில் 400 கிராம் பால்மா பைக்கற் 790 ரூபாவுக்குப் போனதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த ஆண்டிலேதான் தரமான சோளம் கிடைக்காமல் சின்னப் பிள்ளைகளுக்கான திரிபோஷவும் தடைப்பட்டது. அப்போது தொடங்கிய பயம் இன்னும் வீடுகளை விட்டுப் போகவில்லை. அவளுடைய வேலியிலே ஒரு முருங்கை காற்றுக்கு ஆடிக்கொண்டு நின்றது.

“முருங்கை இலையையா மிஸ் புள்ளைக்குக் குடுக்கிற? வெளியில தெரிஞ்சா, ஒண்டும் இல்லாமத்தான் இலை குடுக்காள் எண்டு சொல்லமாட்டாங்களா?”

இந்தக் கேள்வியை நான் அலட்சியம் செய்யவில்லை. பைக்கற்றில் வருவது மரியாதை, வளவில் முளைப்பது வறுமை என்ற எண்ணம் ஒரு நாளில் வந்ததல்ல. பதில் சொல்வதைவிடச் செய்து காட்டுவது சுகம் என்று அன்றைக்கு அவளுடைய அடுப்படியிலேயே இருந்துவிட்டேன். சோற்றைக் கொஞ்சம் குழைய விட்டு, ஒரு பிடி பருப்போடு, நன்றாகக் கழுவிப் பொடியாக அரிந்த முருங்கை இலையைக் கடைசியில் போட்டு இறக்கினோம். அவித்த மீனில் முள் பார்த்து எடுத்து, கையால் மசித்துச் சேர்த்தோம். மேலே ஒரு தேக்கரண்டி தேங்காய்ப்பால். அன்று வாவி மீன் இருந்தது. இல்லாத நாளில் நெத்தலிக் கருவாட்டைச் சுடுநீரில் கழுவி உப்புப் போக்கி, வறுத்து இடித்து வைத்த தூளில் ஒரு கரண்டி போதும். சிறுமீனை முள்ளோடு தூளாக்குவதால் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது. எங்களூர்க் கூனியையும் இப்படிச் செய்யலாம், ஆனால் முதல் தடவை மிகக் கொஞ்சமாகக் கொடுத்து, தடிப்பு ஏதும் வருகிறதா என்று பார்க்கவேண்டும். இறக்கிய பிறகு இரண்டு சொட்டுத் தேசிப்புளி விட்டால் கீரையில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு இப்படிச் சோறும், கூடவே இரண்டு வயது வரைக்கும் அதற்கு மேலும் தாய்ப்பால். தாய்ப்பாலில் சத்தில்லை என்று சொல்கின்றவர்களின் பேச்சைக் காதில் வாங்கவே வேண்டாம்.

மாரியில் இன்னொரு தடை வரும். கீரை குளிர், வாழைப்பழம் குளிர், பப்பாசி கிரந்தி என்று பட்டியல் நீளும். சளி பிடித்த பிள்ளைக்குக் கடைசியில் மிஞ்சுவது பாணும் தேத்தண்ணியும்தான். எமது மாமிமார், அம்மம்மாமார் அன்பினால்தான் இதைச் சொல்கின்றார்கள். அவர்களோடு சண்டை பிடித்து நான் ஒருபோதும் வென்றதில்லை. “சரி மாமி, பொழுது சாய்ந்த பிறகு வேண்டாம், வெயில் தெரிகின்ற மத்தியானத்தில் கொடுப்போம்” என்றால் அநேகமாக ஒத்துக்கொள்வார்கள். அவர்கள் சொல்கின்ற கொத்தமல்லித் தண்ணியும் பிள்ளைக்கு நல்லதுதான், அதை மறுக்கவேண்டிய தேவையில்லை.

வயிற்றோட்டம் வந்தால் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. “வயிறு காயட்டும்” என்று பிள்ளையைப் பட்டினி போடுவது ஆபத்து. வெள்ளம் வந்தால் மலசலகூடக் குழியும் கிணறும் ஒன்றாகிவிடும். 2011 தை மாதத்திலும் 2024 கார்த்திகையிலும் அதை நாம் கண்ணால் கண்டோம். குளோரின் இட்டு இறைக்கும் வரை அந்தக் கிணற்று நீரைக் குடிக்கக்கூடாது. எந்தத் தண்ணீரானாலும் கொப்பளிக்கக் கொதிக்கவைத்து மூடி ஆறவிட வேண்டும். ஒரு ஜீவனிப் பைக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுவதுமாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கவேண்டும். பாதிப் பைக்கற், அரைக் கிளாஸ் என்று கணக்கு மாற்றக்கூடாது. கரைத்தது அடுத்த நாளுக்கு ஆகாது. தாய்ப்பாலையும் கஞ்சியையும் நிறுத்த வேண்டாம். பிள்ளை சோர்ந்து, கண் குழிந்து, குடிக்க மறுத்தால் மழையென்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தண்ணீரைக் கொதிக்கவைக்க விறகு வேண்டுமே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அதனால்தான் விறகையும் நான் சத்துணவில் சேர்க்கின்றேன். 1978 கார்த்திகை 23ஆம் திகதிச் சூறாவளியைப் பார்த்த எனது அம்மம்மா, புரட்டாதி பிறந்தவுடன் பொச்சு, சிரட்டை, பாளை என்று அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கத் தொடங்கிவிடுவா. ஈர விறகில் புகைதான் வரும். சமையலறையிலேயே தவழ்கின்ற பிள்ளைக்கு அந்தப் புகை சளியாகும்.

இனித் தாயைப்பற்றி. ஒரு குடும்பத்தில் யார் முதலில் சாப்பிடுவது, மீனின் நடுத்துண்டு யாருக்கு, சட்டியின் அடியில் ஒட்டியது யாருக்கு என்பதைக் கவனித்தால் அந்த வீட்டின் அதிகாரம் முழுவதும் விளங்கும். பிள்ளைகளுக்கும் ஆணுக்கும் போட்டுவிட்டு, தாய் கடைசியில் ஆணத்தைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டு, உடனே ஒரு சாயத்தண்ணி குடிப்பாள். சாப்பாட்டோடு குடிக்கும் தேயிலைச் சாயம், சாப்பாட்டில் இருக்கின்ற கொஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடிக்கலாம். புரட்டாதி, ஐப்பசியில் கேதார கௌரி விரதம் 21 நாள் வரும், பிறகு கந்தசஷ்டி. நவராத்திரியில் அவலும் கடலையும் சாப்பிட்ட பிள்ளைகள் கொஞ்சம் தெளிந்திருக்கும் நேரத்தில், தாய் ஒரு நேரச் சாப்பாட்டோடு வயலில் நிற்பாள். விரதத்தை விடச்சொல்ல நான் யார்? ஆனால் வயிற்றில் பிள்ளையோடும் கையில் பிள்ளையோடும் இருக்கின்றவர்கள் பால், பழம் எடுத்துப் பிடிக்கலாம், அல்லது அடுத்த வருடத்துக்குத் தள்ளலாம் என்று சொல்கின்ற பெரியவர்கள் எமது கோயில்களில் இருக்கின்றார்கள். ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கணவனை இழந்த, அல்லது அவர் எங்கே என்று இன்றுவரைக்கும் தெரியாத சகோதரிகளுக்குக் கார்த்திகையில் சோறு இறங்காது. அவர்களிடம் சத்துணவைப்பற்றிப் பேச எனக்கு வாய் வருவதில்லை. பக்கத்தில் இருந்து சேர்ந்து சாப்பிடுவதுதான் நான் செய்வது.

ஒரு கிராமத்துப் பெண்கள் செய்ததைக் கட்டாயம் சொல்லவேண்டும். அறுவடை முடிந்த நாளிலிருந்து, உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுகின்றார்கள். பிடியரிசி என்பது புதிய யோசனையல்ல, பழையதுதான். புதியது என்னவென்றால், பானையைத் திறக்கும் உரிமை வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் என்று அவர்கள் வைத்த சட்டம். கடன்காரருக்கும் இல்லை, சாராயத்துக்கும் இல்லை. ஐப்பசியில் திறக்கின்றார்கள். சில வீடுகளில் பத்து நாளைக்குத்தான் வரும், ஆனால் அந்தப் பத்து நாளும் யாருடைய வாசலிலும் நிற்கத் தேவையில்லை. அந்தப் பெண்களே மழை கனக்க முன்னர் பழைய உரப்பைகளில் மண் நிரப்பி, வெள்ளம் ஏறாத உயரத்தில் வைத்துக் கீரை விதைக்கின்றார்கள். பத்திருபது பை வீட்டுக்குக் காணும்.

எனது வீட்டில் நான் ஐந்தரைக்குத்தான் வந்து சேர்வேன். அதற்குள் அவர் தேங்காய் துருவி, பிள்ளைகளைக் கிணற்றடியில் கழுவி வைத்திருப்பார். “பொம்பிளையின்ர வேலையைச் செய்றான்” என்று அயலில் முதலில் சிரித்தார்கள், இப்போது பழகிவிட்டார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. மூத்த பெண்பிள்ளையைத் தம்பியைப் பார்க்கப் பாடசாலையிலிருந்து மறிக்கின்ற வீடுகளில், திண்ணையில் ஓர் ஆண் சும்மா இருப்பதை நான் அடிக்கடி காண்கின்றேன்.

வெல்லாவெளித் தங்கச்சியின் வீட்டுக்குப் போன கிழமையும் போனேன். பிள்ளை 300 கிராம் கூடியிருக்கிறது. கோடு அசைந்ததைக் கார்ட்டில் காட்டிக் காட்டிச் சிரித்தாள். சட்டியைத் திறந்து பார்த்தேன், ஒரு துண்டு மீன் இருந்தது. அவர் வந்து சாப்பிடுவதற்காம். “நீ என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்டேன். “எனக்கென்ன மிஸ், நான் வளர்ந்த ஆள்தானே” என்றாள். கண்ணிமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்திருந்தது. வருகின்ற கிளினிக் நாளில் அவளுக்கும் இரத்தம் பார்க்கச் சொல்லி மிட்வைஃப் அக்காவிடம் பேசியிருக்கிறேன். மழை விட்டால் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.