வலது மூலையில் ஒரு பெயர்

அலிபிரியில் வந்து இறங்கும் பக்தர்கள் பலருக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது. சேஷாசல மலையின் அடிவாரம் அது. திருமலைக்குப் போகும் 3,550 படிகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. செருப்பை எங்கே விடுவது, மூட்டையை யாரிடம் கொடுப்பது, சாப்பாடு எங்கே கிடைக்கும் என்பதையெல்லாம் அவரவர் மொழியில் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் இந்த வேலையைச் செய்தவை தகரத்திலும் சுவரிலும் கையால் எழுதிய போர்டுகள். அவற்றில் நூற்றுக்கணக்கானவை அவர் எழுதியவை.

வேலூரில் ஒரு பெயின்டரிடம் தொழில் கற்று, 1970-களின் கடைசியில் திருப்பதிக்குப் பிழைக்கப் போன தமிழர் அவர். தெலுங்கு, தமிழ், இந்தி, ஆங்கிலம் நான்கிலும் எழுதுவார். இந்தியில் ஒரு வாக்கியம் பேச வராது, ஆனால் எழுத்தில் பிழை இருக்காது. தெலுங்கு எழுத்தின் உச்சியில் வரும் தலக்கட்டை ஒரே வீச்சில் போட்டுவிட்டுப் போவார். அவருடைய பெருமையெல்லாம் தமிழ் ‘லை’யில் இருந்தது. 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டு வந்த பிறகு, யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த பழைய ‘லை’ பாடப் புத்தகங்களிலிருந்து விடைபெற்றது. அவர் விடவில்லை. ‘திருமலை’ என்று எழுதினால் தும்பிக்கையோடுதான். வயசானவர்களுக்கு அதுதான் சட்டென்று பிடிபடுகிறது என்பது அவர் கட்சி.

போர்டின் வலது கீழ் மூலையில் அவருடைய பெயரும் ‘ஆர்ட்ஸ்’ என்ற சொல்லும் கடுகளவில் இருக்கும். “என் கடை போர்டில் உன் பெயர் எதற்கு?” என்று முணுமுணுக்கும் முதலாளிகளும் உண்டு. கூலியில் பத்து ரூபாய் குறைத்துக்கொள்வாரே தவிர, பெயரை அழிக்க மாட்டார்.

2000-க்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. நூல் அடித்து, பென்சிலில் வரைந்து, எனாமல் பூசி, நிழல் கொடுத்து இரண்டு நாள் செய்கிற வேலையைக் கணினியும் அச்சு யந்திரமும் அரை மணியில் முடித்தன. அவரை யாரும் வேலையை விட்டு நீக்கவில்லை. கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். கடைசியில் மிஞ்சியவை லாரி நம்பர் பிளேட்டும் பள்ளிக்கூடச் சுவரும்.

2017 டிசம்பரில், மும்பையில் வேலை பார்க்கும் மகன் மூன்று நாள் ஊர் சுற்றிப் பார்க்க அவரை அழைத்தான். ரேணிகுண்டாவில் ரயில் ஏறினார். கேட்வே, மரீன் டிரைவ், மாதுங்காவில் சாப்பாடு என்று இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் மருமகள்தான் சொன்னாள்: “மாமா, தெருவில் வரைகிற படங்களை ஒரு கட்டடத்துக்குள்ளே வைச்சிருக்காங்க. உங்க தொழில்தானே, போய்ப் பார்க்கலாம்.”

“தெருவில் வரைவதைத் தெருவில்தானே பார்க்கணும்?” என்றார் அவர்.

கொலாபாவில் உள்ள சசூன் டாக் 1875-ல் கட்டப்பட்ட துறைமுகம். இன்றும் மீன் வந்து இறங்கும் இடம். விடியற்காலையில் ஏலம், கூடை சுமக்கும் கோலிப் பெண்கள், குவியல் குவியலாக இறால் உரிப்பவர்கள். அங்கிருந்த பழைய கிடங்கு ஒன்றில்தான் அந்த நவம்பரிலும் டிசம்பரிலும் ‘ஸ்டார்ட் இந்தியா’ அமைப்பு கண்காட்சி நடத்தியது. சிங்கப்பூரைச் சேர்ந்த டான் ஸி ஸி, பிளாஸ்டிக் குப்பையைத் தலைக்கு மேலே தொங்கவிட்டு, கடலுக்கு அடியிலிருந்து அண்ணாந்து பார்ப்பது போன்ற ஓர் அறை செய்திருந்தார். வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அந்தத் துறையின் வாடையையே பொருளாக எடுத்து ஹனிஃப் குரேஷி ஒரு படைப்பு செய்திருந்தார். வெளிச் சுவரில் அங்கே உழைக்கும் மக்களின் கறுப்பு வெள்ளை முகங்கள் பெரிது பெரிதாக ஒட்டப்பட்டிருந்தன.

துண்டால் மூக்கை மூடிக்கொண்டு நுழைந்தவர் சிறிது நேரத்தில் துண்டை மறந்துவிட்டார். சுவரை ஒட்டி நின்று, ஓரங்கள் எப்படி வெட்டப்பட்டிருக்கின்றன என்று பார்த்தார். “கை சுத்தம்” என்று ஒரு சுவருக்குச் சான்றிதழ் கொடுத்தார். இன்னொன்றுக்கு, “வெயில் இல்லை, மழை இல்லை, அடுத்த தேர்தலும் இல்லை. இங்கே எந்த நிறமும் நிற்கும்.” மாதக் கடைசியில் எல்லாம் முடிந்துவிடும் என்று மருமகள் சொன்னதும் ஆச்சரியப்பட்டார். அவருடைய போர்டுக்கு ஐந்து வருஷம் உத்தரவாதம்.

தெருவின் படத்தைக் கூரைக்குள் கொண்டுவரலாமா என்பது உலகமெங்கும் கேட்கப்பட்ட கேள்விதான். 1970-களில் நியூயார்க்கில் போலீஸுக்குத் தெரியாமல் ரயில் பெட்டிகளில் எழுதிய இளைஞர்களின் கைவண்ணம் பிறகு கலைக்கூடங்களுக்குள் போனபோது அதன் காரமே போய்விட்டது என்றார்கள். நம் ஊர்க் கதை வேறு. இங்கே சுவர் என்பது கூலி. கட்சிக்காரர்கள் வருஷம் போட்டுச் சுவரைப் பிடித்து வைப்பார்கள். சினிமாவும் சோப்பும் மிச்சத்தை எடுத்துக்கொள்ளும். ஒளிந்து எழுதியவரைப் பிடித்து வந்து மாலை போடுவது அங்கே. வாசலிலேயே நின்று காலமெல்லாம் வேலை செய்தவரை உள்ளே கூப்பிட வேண்டியது இங்கே. ஆனால் எழுத்துக்கு இத்தனை ரூபாய் என்று பேசிப் பிழைத்த ஒருவரையும் அவர் அந்தக் கிடங்கில் காணவில்லை.

நடத்தியவர்களுக்கு இது தெரியாததல்ல. அந்த அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான குரேஷி, குஜராத்தில் போர்டு பெயின்டர்களைப் பார்த்து வளர்ந்தவர். ‘ஹேண்ட்பெயின்டட் டைப்’ என்ற முயற்சியில் டெல்லியின் பெயின்டர் கஃபீல் போன்றவர்களின் எழுத்தைக் கணினி எழுத்துருவாக மாற்றி, அவர்கள் பெயரிலேயே வெளியிட்டவர். 2024-ல் அவர் காலமானார். எந்தக் கணினி வேலையைப் பறித்ததோ, அதற்குள்ளேயே அந்தக் கையைச் சேமித்து வைத்தது பெரிய காரியம். ஆனால் எழுத்துரு எழுத்தைத்தான் காப்பாற்றும், தொழிலை அல்ல. தொழிலுக்கு வேண்டியது யாராவது வந்து “ஒரு போர்டு எழுதணும்” என்று கேட்பது. 2009-ல் சென்னை மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர்களுக்குப் பதிலாக ஓவியம் தீட்ட முடிவு செய்தபோது, வேலையிழந்திருந்த பேனர் ஓவியர்கள் மறுபடி பிரஷ் எடுத்தார்கள். சுவர்களுக்கு மட்டுமல்ல, அவர்களுக்கும் அது உயிர் கொடுத்தது.

கிடங்கில் அவர் அதிக நேரம் செலவிட்டது படங்களில் அல்ல, பக்கத்தில் இருந்த பெயர் அட்டைகளில். ஒன்று விடாமல், எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே போனார். யாரோ ஒருவர் பெயரைக் கேட்டு வாங்கி, தனி அட்டையில் போட்டு, வெளிச்சம் படும்படி வைத்திருக்கிறார்கள். எந்த முதலாளியும் அதற்குக் கூலியைக் குறைத்திருக்க மாட்டார்.

“அப்பா, அந்தச் சுவர் பக்கமா நில்லுங்க, ஒரு போட்டோ” என்றான் மகன். அவர் போய் நின்றார். பிறகு திரும்பிப் பார்த்துவிட்டு, வலது பக்கம் இருந்த அட்டை மறையாதபடி இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.