ராணி பேசாத காட்சிகள்

சரித்திரத் தொடருக்கு வசனம் எழுதுகிறவர்களிடம் கைவசம் ஒரு காட்சி எப்போதும் உண்டு. அரசன் சாளரத்தோரம் நின்று, தான் தந்தையா மன்னனா என்று அரைப் பக்கம் புலம்புவான். மிச்சத்தைப் பின்னணி இசை பார்த்துக்கொள்ளும்.

2016-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘தி கிரவுன்’ தொடரின் முதல் சீசனை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, அதை எழுதிய பீட்டர் மார்கன் அந்தப் புலம்பலை எப்படித் தவிர்க்கிறார் என்பதற்காக. அதிலும் இரண்டாம் எபிசோட். 1952 பிப்ரவரி 6. இங்கிலாந்தில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் இறந்துவிட்டார். மகள் எலிசபெத் கென்யாவில். அவள் ராணியாகிவிட்டது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. செய்தி வந்ததும், எந்தப் பெயரில் ஆளப்போகிறீர்கள் என்று செயலாளர் கேட்கிறார். நியாயமான கேள்விதான்: அப்பா பிறப்பில் ஆல்பர்ட், அரியணையில் ஜார்ஜ். இவள் தன் பெயரையே வைத்துக்கொள்கிறாள். பெயர் தவிர மற்றதெல்லாம் போகிறது.

போவதை அவள் முகத்தில் தேடினால் கிடைக்காது. சுற்றியிருப்பவர்களின் உடம்பில் இருக்கிறது. லண்டனில் விமானம் இறங்கியதும் கூடவே இறங்கப்போன கணவரை அதிகாரி ஒருவர் நிறுத்திவைக்கிறார். பாட்டி மேரி கறுப்பு முக்காட்டோடு வருகிறார். மகனைப் பறிகொடுத்த கிழவி. பேத்தியைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம். மெதுவாக முழங்கால் மடித்து வணங்குகிறார். எலிசபெத்தாக நடிக்கும் கிளேர் ஃபாய் அங்கே ஏறக்குறைய ஒன்றுமே செய்வதில்லை. செய்திருந்தால் காட்சி கெட்டிருக்கும்.

ஒரு குறை. பழைய எலிசபெத்துக்கும் சேர்த்துத் துக்கம் காக்கச் சொல்லும் பாட்டியின் கடிதம் பின்னணிக் குரலாக ஓடுகிறது. நல்ல எழுத்துதான். ஆனால் அந்த வணக்கம் இருக்கும்போது கடிதம் எதற்கு?

சீசன் முடிவில், 1955-இல், ராணி பேசியே தீரவேண்டியிருக்கிறது. தங்கை மார்கரெட், விவாகரத்தான பீட்டர் டவுன்செண்டை மணக்க விரும்புகிறாள். துணை நிற்பதாகச் சொன்ன அக்கா, இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவியும்கூட. அவரை மணந்தால் இந்தக் குடும்பத்தில் உனக்கு இடமில்லை என்கிறாள். சமாதானமாக அடுக்கு வசனம் எதுவும் இல்லை. அழுதுகொண்டே சொல்ல வைத்திருந்தால் நம் அனுதாபம் முழுக்க அவளுக்கே போயிருக்கும், தங்கைக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இப்போதெல்லாம் அரசவைக் காட்சி எழுத உட்கார்ந்தால், யார் எழுந்து நிற்கிறார்கள், யார் வாசலிலேயே தயங்குகிறார்கள் என்பதை முதலில் குறித்துவிடுகிறேன். பல சமயம் அதற்கப்புறம் அரசனுக்கு இரண்டு வரிக்கு மேல் தேவைப்படுவதில்லை. நடிகர்களுக்குத்தான் வருத்தம்.