எண்ணெய்க் குழி

மிளகாய்ப்பொடிக்கு நடுவே விரலால் குழி பறித்து, அது நிறைந்து வழிகிறவரை அம்மா நல்லெண்ணெய் ஊற்றுவாள். போதும் என்றாலும் நிறுத்தமாட்டாள். "ஊத்திக்கோய்யா, பித்தம் தணியும்."

இப்போது என் சமையல் மேடையில் 5 மில்லி கரண்டி ஒன்று கிடக்கிறது. வேளைக்கு அது ஒன்றுதான்.

பித்தப்பையில் அழற்சி. ஒரு கல்யாண விருந்துக்குப் பிறகு நடுராத்திரியில் வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி தோள்பட்டைவரை ஏறியது. வாயு என்று பெருங்காயம் கரைத்துக் குடித்துவிட்டு, விடியும்வரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கல் அடைத்திருக்கிறது. வீக்கம் வடிய ஆறு வாரம், பிறகு அறுவை என்றார் டாக்டர். ஈரல் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்துவைக்கிற பை அது. கொழுப்பு குடலில் இறங்கியதும் ஒரு ஹார்மோன் கிளம்பி, 'பிழி' என்று அதற்குச் சொல்கிறதாம். புண்பட்ட பை பிழிந்தால் வலிக்காதா? சுமார் 50 மில்லி கொள்ளும் பை. என் ஊர் மொத்தமும் அதற்குப் பகை.

விருதுநகர்க்காரன் நான். எண்ணெயில் பொரித்த பரோட்டாவுக்குப் பேர்போன ஊர். ஆனால் ஏங்குவது அதற்கல்ல. சரி, கொஞ்சம் அதற்கும்தான். எங்கள் தெருமுனையில் ஒரு மரச்செக்கு இருந்தது. மாடு சுற்றச் சுற்ற உலக்கை முனகும். எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டுகிற அந்த வாசம், பள்ளிக்கூடம் விட்டு வருகிறவனை எதிர்கொண்டு அழைத்து, உள்ளங்கையில் இளஞ்சூடாகக் கொஞ்சம் புண்ணாக்கையும் வைத்து, தூக்குவாளியோடு நிற்கும் அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். சனிக்கிழமை அதே எண்ணெயை உச்சந்தலையில் வைத்துத் தட்டுவாள். அந்தத் தட்டல்.

இந்தச் சென்னையில் நான் மோசமாகச் சாப்பிடவில்லை. இட்லி, இடியாப்பம், பாசிப்பருப்புக் கஞ்சி, தாளிக்காத பீர்க்கங்காய்க் கூட்டு, அவித்த மீன், வெண்ணெய் எடுத்த மோர். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை. மகள் வாங்கித் தந்த ஏர் ஃப்ரையர் ஒரு சொட்டு எண்ணெயில் வடை சுடுகிறது. வடை மாதிரி ஒன்று. கடுகு வெடிக்காத வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நினைத்ததில்லை.

பட்டினி கிடந்தால் தேவலாம் என்று இரண்டு நாள் இருந்து பார்த்தேன். டாக்டர் கோபித்துக்கொண்டார்: சாப்பிடாவிட்டால் பை சுருங்காது, பித்தநீர் தேங்கிக் கெட்டிப்படும், கல்லுக்கு அதுவே வழி. "வெறும் வயித்தோட கெடக்காதய்யா, பித்தம் ஏறிரும்" என்று அம்மாவும் சொன்னவள்தான். அந்த ஒன்றில் இருவரும் ஒத்துப்போனார்கள். எண்ணெய் என்று வந்தால் முட்டிக்கொள்கிறார்கள். அவள் சொன்ன பித்தம் வேறு, ஸ்கேன் காட்டும் பித்தம் வேறு. தெரியும். தெரிந்து என்ன?

பையை எடுத்த பிறகு ஈரல் நேராகக் குடலுக்கே பித்தநீரை அனுப்பிக்கொள்ளுமாம். எண்ணெயையும் மெல்ல மெல்லக் கூட்டிக்கொள்ளலாமாம். கூட்டலாம். செக்கு இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. குழி பறித்து ஊற்றுகிறவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுடைய தூக்குவாளி மட்டும் என் அலமாரியில் இருக்கிறது. காலிதான். இன்னும் கழுவவில்லை.